நடுப்பாத்தியில் ஆறு டிகிரி

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவுகிற ஆள் நான். நான் நம்புவது என் கண்ணை, என் கையை, அப்புறம் என் சந்தேகத்தை. பால் பாக்கெட்டைக்கூட அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன். அப்படிப்பட்ட என்னுடைய வலது மணிக்கட்டில் இன்றைக்கும் நான்கு வெள்ளைக் கோடுகள் இருக்கின்றன. வெயில் காலத்தில் கை முழுக்கக் கருத்துப்போகும், அந்த நான்கு கோடுகள் மட்டும் கருக்காது. அவை எப்படி வந்தன என்பதை நடந்தது நடந்தபடி எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

நானும் என் நாத்தனாரும் சேர்ந்து நாற்றுப் பண்ணை நடத்துகிறோம். நாத்தனார் என்றால் என் வீட்டுக்காரருடைய தங்கை. கல்யாண வாழ்க்கை சரிப்படாமல் ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள். லாரி ஓட்டும் என் வீட்டுக்காரர் மாதத்தில் பாதி நாள் சாலையில்தான் இருப்பார். சும்மா உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் சண்டைதான் வரும் என்று நான்தான் யோசனை சொன்னேன். எங்கள் மலையூரின் ஓரத்தில் காலியாகக் கிடந்த ஒரு கண்ணாடிக் குடிலை வாடகைக்கு எடுத்தோம். முன்பு நடத்தியவர்கள் வேறு ஊருக்குப் போய்விட்டதாக இடத்துக்காரர் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் சாவிக்கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதே உறுத்தியது.

குளிர் மாதங்களில் நாற்று வளர்ப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. குடிலில் இருக்கும் காற்றையெல்லாம் சூடாக்க வேண்டியதில்லை. வேர் இருக்கிற மண்ணைச் சூடாக்கினால் போதும். போர்வைக்கு வெளியே மூக்கு சில்லிட்டாலும் கால் கதகதப்பாக இருந்தால் நமக்குத் தூக்கம் வந்துவிடும் இல்லையா, நாற்றும் அப்படித்தான். எங்கள் குடிலில் செங்கல் கட்டிய மூன்று நீளப் பாத்திகள். அடியில் மணல். மணலில் பாம்பு மாதிரி வளைத்து வளைத்துப் போட்ட ஹீட்டர் ஒயர். அதன்மேல் கம்பி வலை, வலைக்கு மேல் மண். ஒவ்வொரு பாத்தியிலும் பேனா அளவுக்கு ஒரு சென்சார் கம்பியை மண்ணுக்குள் குத்தி வைத்திருப்போம். பாத்தியின் தலைமாட்டில் ஒரு பெட்டி. மண் எத்தனை டிகிரி என்று சிவப்பு எழுத்தில் காட்டும். இருபதுக்குக் கீழே போனால் 'டக்' என்று ஒரு சத்தம். சிவப்பு விளக்கு எரியும், ஒயர் சூடாகும். இருபது வந்ததும் மறுபடியும் 'டக்'. விளக்கு அணையும். ராத்திரி முழுக்க இதுதான் கதை.

ஒயரெல்லாம் சரிபார்த்துக் கொடுத்த எலக்ட்ரீஷியன் ஒரு விசித்திரமான ஆள். மெயின் பெட்டி வெளியே, சாமான் அறைச் சுவரில் இருக்கிறது. அதில் கை வைப்பதற்கு முன்னால் குடிலின் வாசலுக்கு வருவார். உள்ளே பார்த்து மூன்று தடவை கூப்பிடுவார்.

"ஆள் இருக்கா? ஆள் இருக்கா? ஆள் இருக்கா?"

கொஞ்ச நேரம் காத்திருப்பார். அப்புறம்தான் மெயினை இறக்குவார்.

"நாங்க ரெண்டு பேரும் குத்துக்கல்லு மாதிரி உங்க முன்னாடிதானே நிக்கிறோம். கண்ணு தெரியலையா?" என்றேன்.

"இருக்கட்டும்மா. கேட்டுக்கறது நல்லது. நீங்களும் சாயங்காலம் பூட்டும்போது ஒரு குரல் கொடுத்துட்டுப் பூட்டுங்க. பனி விழுந்தா கண்ணாடி மூடிக்கும். உள்ள யார் இருக்காங்கன்னு வெளிய தெரியாது."

அது எங்களுக்கு விளையாட்டாகிவிட்டது. சாயங்காலம் ஆனால் நாத்தனார் போலீஸ்காரர் மாதிரி குரலைக் கனமாக்கிக்கொண்டு, "ஆள் இருக்கா?" என்பாள். நான் தண்ணீர்க் குழாயைச் சுருட்டிக்கொண்டே, "ஆள் இருக்கு, ஆள் இருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே வருவேன். அப்புறம் பூட்டுவோம்.

அந்த வருடம் ஒரு பெரிய காய்கறித் தோட்டத்துக்குத் தக்காளி நாற்றும் குடமிளகாய் நாற்றும் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தோம். பனிக்காலம் முடிவதற்குள் தயாராக வேண்டும். நாத்தனார் அதில் உயிரையே வைத்திருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் கை வைத்து உருப்படியாக நடந்த காரியம் இது ஒன்றுதான் என்று அவளே சொல்லுவாள். அதே நேரம், வெளியூரில் ஒரு பள்ளி விடுதியில் வேலை இருக்கிறது, வந்துவிடு என்று அவளுடைய சிநேகிதி கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "இது மட்டும் சரியா வரலைன்னா நான் கிளம்பிடறேன் அண்ணி. உங்க ரெண்டு பேருக்கும் பாரமா இருக்க மாட்டேன்" என்று ஒருநாள் சொன்னாள். அவள் போய்விட்டால் வீடு வெறிச்சோடிவிடும் என்பது எனக்குத் தெரியும். அதை அவளிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. நான் அப்படிப் பேசுகிற ஆள் இல்லை.

ஒரு நாள் காலையில் குடிலைத் திறந்தபோது நடுப்பாத்தி செத்துக் கிடந்தது.

இரண்டு பக்கப் பாத்திகளும் பச்சைப் பசேல் என்று இருந்தன. நடுவில் மட்டும் நாற்று எல்லாம் தலை சாய்ந்து, துவண்டு கிடந்தன. ஒன்றைப் பிடுங்கினேன். வேர் பழுப்பு நிறத்தில் வெந்துபோயிருந்தது. மண்ணில் கையை வைத்தேன். குளிக்கக் காய்ச்சிய வெந்நீர் மாதிரி சுட்டது.

இந்தத் தொழிலில் எல்லோரும் ஒரு தடவையாவது செய்கிற தப்பு ஒன்று உண்டு. மண்ணைக் கிளறும்போது சென்சாரைப் பிடுங்கிச் செங்கல்மேல் வைப்போம். திரும்பக் குத்த மறந்துவிடுவோம். வெளிக் காற்று குளிரில் இருப்பதால் மண்ணும் குளிராக இருக்கிறது என்று பெட்டி நினைத்துக்கொள்ளும். ராத்திரி முழுக்க ஒயரைக் காய்ச்சிக்கொண்டே இருக்கும். விடிந்தால் வேர் அவியல்.

முந்தைய நாள் பாத்தியைக் கிளறியது நாத்தனார்.

"சென்சாரை எடுத்தியா?"

"எடுத்தேன். திரும்ப வெச்சுட்டேன் அண்ணி."

"வெச்சிருந்தா இப்படி வெந்திருக்காதே."

"இப்பவும் மண்ணுலதானே இருக்கு. நீங்களே பாருங்க."

சென்சார் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. காலையில் எனக்கு முன்னால் அவள்தான் உள்ளே நுழைந்தாள். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் குத்தி வைத்திருக்கலாமே? அதை நான் சொல்லவில்லை. என் முகம் சொல்லிவிட்டது போலிருக்கிறது. அவள் போய் வாளியை எடுத்தாள்.

வீட்டில் தட்டுகளில் முளைத்திருந்த நாற்றுகளைக் கொண்டுவந்து மறுபடியும் நட்டோம். இந்தத் தடவை நான் ஒரு வேலை செய்தேன். யாருக்கும் தெரியாமல் என் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி, சென்சாரின் ஒயரையும் செங்கல்லையும் சேர்த்துக் கட்டி வைத்தேன். யாராவது சென்சாரை அசைத்தால் முடி அறுந்துவிடும்.

நான்காம் நாள் காலை. நடுப்பாத்தி மறுபடியும் வெந்திருந்தது.

முடி அறுபடவில்லை.

நான் குனிந்து பெட்டியைப் பார்த்தேன். மண் கையைச் சுடுகிறது. பெட்டி காட்டுவது ஆறு டிகிரி. சென்சாரை உருவினேன். என் விரல் அதில் ஒட்டிக்கொண்டது. கொதிக்கிற மண்ணுக்குள்ளிருந்து எடுத்த கம்பி, ஃப்ரீஸரில் வைத்து எடுத்தது மாதிரி சில்லிட்டிருந்தது. என் உள்ளங்கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். பெட்டியில் எண் மெல்ல ஏறியது. பத்து... பதினெட்டு... முப்பது.

கம்பி சரியாகத்தான் வேலை செய்கிறது.

எலக்ட்ரீஷியன் வந்தார். முதல் பாத்தியின் சென்சாரை எடுத்து நடுவிலும், நடுவில் இருந்ததை முதல் பாத்தியிலும் மாற்றிக் குத்தினார். முதல் பாத்தி ஒழுங்காக இருபது காட்டியது. நடுப்பாத்தியில் எண் இறங்க ஆரம்பித்தது. அவர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அந்தக் குளிரில் அவருக்கு வியர்த்திருந்தது.

"என்ன கோளாறு?" என்றேன்.

"கோளாறு எதுவும் இல்லம்மா."

"பின்ன ஏன் ஆறு காட்டுது?"

"இந்தப் பாத்தியில நடாதீங்க. ஆனா ஒயரை அணைச்சுடாதீங்க. ஓடிக்கிட்டே இருக்கட்டும்."

"நடாத பாத்திக்கு எதுக்குச் சூடு?"

அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். இந்த ஆள் எதையோ மறைக்கிறார் என்று எனக்கு அப்போதே தோன்றியது. ஆனால் என் சந்தேகம் ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் பிடித்துக்கொள்ளும். அப்போது அது நாத்தனாரைப் பிடித்திருந்தது.

ஏனென்றால் சென்சார் இருந்த இடத்தைச் சுற்றி மண் கொஞ்சம் ஈரமாக இருந்தது. அதே நாள் வீட்டில் ஃப்ரீஸரைத் திறந்தால் ஐஸ் தட்டு காலி. எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. சென்சாரைத் தொடாமலேயே பெட்டியை ஏமாற்ற ஒரு வழி இருக்கிறது. கம்பியைச் சுற்றி ஐஸ் கட்டியைப் புதைத்து வைத்தால் போதும். ஐஸ் உருகிவிடும், தடயமும் இருக்காது. நாற்று போய்விட்டால் விடுதி வேலைக்குப் போக அவளுக்கு ஒரு காரணமும் கிடைத்துவிடும். என்னைவிட்டுப் போகவேண்டும் என்று அவள் முடிவே செய்துவிட்டாள் என்று நினைத்தேன். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"ஐஸ் எங்க?" என்று கேட்டேன்.

"முட்டி வலிக்குது. ஒத்தடம் கொடுத்தேன்." முட்டியைத் தடவிக்கொண்டே, "ஏன், அதையும் கணக்கு கேப்பீங்களா?" என்றாள்.

"ராத்திரி எழுந்து எங்கயாவது போனியா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "குடில் சாவி உங்ககிட்டயும்தான் இருக்கு அண்ணி. என்னை வீட்டை விட்டு அனுப்பணும்னா நேராச் சொல்லிடுங்க. நாத்தை ஏன் கொல்றீங்க?"

அன்றோடு பேச்சுவார்த்தை நின்றுபோனது. ஒரே வீட்டில் இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடமாடினோம். சாயங்காலம் குடிலைப் பூட்டும்போது யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. முறை வைத்துக்கொண்ட மாதிரி ஒருநாள் அவள், ஒருநாள் நான், சத்தமில்லாமல் பூட்டிவிட்டு வருவோம். எலக்ட்ரீஷியன் வேண்டாம் என்றும் கேட்காமல் நடுப்பாத்தியில் மூன்றாவது தடவையாக நட்டிருந்தோம். வீட்டில் இருந்த கடைசி நாற்றுகள் அவைதான். இனி விதைத்தால் காலம் தவறிவிடும். இவை போனால் அவளும் போய்விடுவாள்.

கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அன்றைக்கு அவள் பூட்டும் முறை. நாலரை மணிக்கே கிளம்புவது போல் வெளியே போனேன். அவள் சாமான் அறையில் தொட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. சத்தம் போடாமல் குடிலுக்குள் நுழைந்து, கடைசியில் அடுக்கியிருந்த உர மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். மணி அடித்துக் காட்டிக்கொடுத்துவிடும் என்று செல்போனை வீட்டிலேயே வைத்துவிட்டிருந்தேன். வீட்டுக்காரர் ஊரில் இல்லை. நான் அங்கே இருப்பது ஒரு ஈ காக்காவுக்குக்கூடத் தெரியாது.

பேய்க் கதைகளில் எல்லாம் நடுச்சாமத்தில்தான் நடக்கும். இது நடந்தது சாயங்காலம், வீட்டில் இருந்தால் நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில். மலைச் சரிவில் பனிக்காலத்தில் ஐந்தரைக்கே இருட்டிவிடும். சூரியன் இறங்கியதும் குளிர் கல் மாதிரி விழும். கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் பனி மூடிக்கொண்டது.

ஐந்து ஐம்பது இருக்கும். டக். முதல் பாத்தியில் விளக்கு எரிந்தது.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு டக். மூன்றாம் பாத்தி.

நடுப்பாத்தி இருட்டாகவே இருந்தது. பெட்டியில் இருபது என்று காட்டியது. நாற்று எல்லாம் நிமிர்ந்து நின்றன. என் மூச்சு புகை மாதிரி வெளியே வந்து, விளக்கு வெளிச்சத்தில் சிவப்பாகக் கலைந்தது.

ஆறு மணி தாண்டியிருக்கும். வாசல் பக்கம் கதவு சாத்தும் சத்தம். பூட்டு விழும் சத்தம். க்ளிக்.

உள்ளே வந்து பூட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன். மூச்சை அடக்கிக்கொண்டேன்.

காலடிச் சத்தம் கேட்கவில்லை.

டக்.

நடுப்பாத்தியின் விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் பார்த்தேன். பாத்திக்கு அந்தப் பக்கம் ஒருத்தி மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். தலையோடு சேர்த்துச் சால்வை. முகம் தெரியவில்லை. இரண்டு கைகளும் மணிக்கட்டு வரைக்கும் மண்ணுக்குள்.

கடைசியில் இவள்தானே...

பெட்டியைப் பார்த்தேன். பதினேழு. பதின்மூன்று. ஒன்பது. ஒவ்வொரு எண்ணாகச் சரிந்துகொண்டே வந்தது.

ஆறு.

எழுந்தேன். மூட்டையைச் சுற்றிக்கொண்டு நடந்தேன். என் கால் ஒரு தொட்டியில் இடித்தது. சத்தம் நன்றாகவே கேட்டது. அவள் திரும்பவில்லை.

"மாட்டிக்கிட்டியா?" என்றேன். கோபத்தில் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

அவள் அசையவில்லை.

பாத்திக்கு இந்தப் பக்கம் குனிந்தேன். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். என் மூச்சு புகையாக வந்தது. எதிரே, சால்வைக்குள்ளிருந்து புகை வரவில்லை.

கவனித்தேனே தவிர, மூளைக்கு ஏறவில்லை. அவள் கை புதைந்திருந்த இடத்தில் என் வலது கையை நுழைத்தேன். ஐஸையும் கையையும் சேர்த்து வெளியே இழுத்துக் காட்டிவிட வேண்டும்.

மண் கதகதப்பாக இருந்தது.

உள்ளே ஏதோ தட்டுப்பட்டது. ஐஸ் இல்லை.

விரல்கள்.

நான் பிடிப்பதற்குள் அவை என்னைப் பிடித்துக்கொண்டன.

அந்தக் குளிரை எப்படிச் சொல்வது... எலும்புக்குள் தண்ணீரை ஊற்றினது மாதிரி. கையை இழுத்தேன். வரவில்லை. ஆனால் அந்தப் பிடியில் கோபம் இல்லை. தண்ணீரில் விழுந்தவர்கள் கிடைத்ததைப் பிடித்துக்கொள்வார்களே, அப்படி...

அப்போது விளக்குகள் அணைந்தன.

மூன்றும். ஒரே நேரத்தில்.

கும்மிருட்டு.

பிடி இறுகியது.

கத்த வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. என் மூச்சுச் சத்தம் மட்டும். அவளிடமிருந்து எதுவுமே இல்லை. இன்னும் இறுகியது...

எவ்வளவு நேரம் என்று தெரியாது.

பிறகு, பூட்டு திறக்கும் சத்தம்.

வெளியிலிருந்து.

சாவி போட்டு யாரோ வெளியிலிருந்து திறக்கிறார்கள். திறப்பது நாத்தனார் என்றால்...

இது யார்?

டார்ச் வெளிச்சம் என் முகத்தில் அடித்தது. "அண்ணி?"

எதிர்ப்பக்கம் யாரும் இல்லை. நான் மட்டும் பாத்தியில் கை புதைத்துக்கொண்டு மண்டியிட்டிருந்தேன். அவள் டார்ச்சை என்மேல் வைக்காமல் மூலைமூலையாக அடித்துத் தேடினாள்.

"இன்னொரு ஆள் எங்க அண்ணி?"

"மெயினைப் போடு."

"கை ஏன்..."

"போடுடி முதல்ல!"

ஓடினாள். சில நொடிகள். டக். டக். டக்.

நடுப்பாத்தியில் சிவப்பு வெளிச்சம் வந்தது. மண்ணுக்குள் பிடி தளர்ந்தது. ஒரேயடியாக இல்லை. ஒவ்வொரு விரலாக. மனசே இல்லாமல் விடுவது மாதிரி.

அன்று இரவே டாக்டரிடம் போனோம். மணிக்கட்டில் நான்கு பட்டைகள் வெள்ளையாக, உணர்ச்சியே இல்லாமல் இருந்தன. "ஐஸ்ல எவ்வளவு நேரம் கையை வெச்சிருந்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். சூடான மண்ணில் வைத்திருந்தேன் என்று சொன்னேன். அவர் என்னைவிட்டு நாத்தனாரைப் பார்த்தார்.

மெயினை ஏன் இறக்கினாள் என்று வழியில் அவளாகவே சொன்னாள். ஒயரே ஓடாவிட்டால் நாற்று வேகாது, ஒரு ராத்திரி அணைத்துத்தான் பார்ப்போமே என்று நினைத்தாளாம். குளிர் தாங்குவதற்குப் பாத்தி விளிம்பில் துணியெல்லாம் எடுத்து வைத்திருந்தாளாம், கோபத்தில் போர்த்தவும் மறந்துவிட்டாளாம். அவளுக்கும் என்மேல் சந்தேகம். எனக்கு வெட்கமாக இருந்தது. அதற்குமேல் அந்தச் சாயங்காலத்தைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. நான் தனியாகப் பேசியதைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்திருக்கிறாள், இருட்டில் எதையோ பார்த்துப் பயந்து இன்னொரு ஆள் எங்கே என்று கேட்டிருக்கிறாள் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். தோண்டித் துருவுகிற என் புத்தி அந்த ஒரு விஷயத்தில் மட்டும் வேண்டாம் என்று விலகிக்கொண்டது.

நடுப்பாத்தி நாற்றுகளைப் பத்திரமாக எடுத்து மற்ற இரண்டு பாத்திகளிலும் நெருக்கி நட்டோம். எலக்ட்ரீஷியன் சொன்னபடி வெறும் பாத்திக்கு ஒயரை ஓடவிட்டோம். அதற்குப் பிறகு அந்தப் பெட்டி ஒரு நாள்கூட இருபதை விட்டு இறங்கவில்லை. நாற்றும் சொன்ன நேரத்துக்குத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. விடுதி வேலை வேண்டாம் என்று நாத்தனார் சிநேகிதிக்குச் சொல்லிவிட்டாள்.

பனிக்காலம் முடிந்தது. ஒயரை நிறுத்துவதற்கு எலக்ட்ரீஷியன் வந்தார். வாசலில் நின்று வழக்கம்போல் மூன்று தடவை கூப்பிட்டார். நாத்தனார் வீட்டில் இருந்தாள். நான் அவர் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தேன்.

"யாரைக் கூப்பிடறீங்க?" என்றேன்.

"பழக்கம்மா."

சட்டைக் கையை மேலே தள்ளி மணிக்கட்டைக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு செங்கல் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"முன்னாடி இதை நடத்தினது அக்கா தங்கச்சி ரெண்டு பேர்மா. ஒத்துமையாத்தான் இருந்தாங்க. ஏதோ மனஸ்தாபம், பேச்சு நின்னு போச்சு. ஒரு நாள் சாயங்காலம், தங்கச்சி கிளம்பியிருப்பான்னு நினைச்சு அக்கா பூட்டிட்டாங்க. அப்போ ஒயர்ல ஏதோ கோளாறு, மறுநாள் நான் வந்து பார்க்கறதா இருந்துச்சு. அதனால மெயினையும் இறக்கிட்டுப் போயிட்டாங்க."

"தங்கச்சி உள்ள இருந்தாளா?"

"மூட்டைக்குப் பின்னாடி ஏதோ வேலையா இருந்திருக்கா. கால் பிசகி விழுந்திருக்கா. அன்னைக்கு ராத்திரி பயங்கரக் குளிர். காலையில முதல்ல உள்ள வந்தது நான்தான். அந்தப் பொண்ணு நடுப்பாத்திகிட்ட மண்டி போட்டு, ரெண்டு கையையும் மண்ணுல வெச்சுக்கிட்டு... மண்ணு கடைசியாத்தானே ஆறும். நான் கையை எடுக்கும்போதுகூட உள்ள லேசாச் சூடு இருந்துச்சும்மா. விரலுக்குள்ள சென்சாரைப் பிடிச்சிருந்தா."

அவர் எழுந்து பேன்ட்டில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"அந்த அக்கா ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிச் சொல்லி அழுதாங்க. ஒரு குரல் கொடுத்திருந்தா அவ ஆள் இருக்குன்னு சொல்லியிருப்பாளேன்னு."

வீட்டுக்கு வந்து நாத்தனாரிடம் ஒன்று விடாமல் சொன்னேன். சமையலறையில் நின்று பாத்திரம் துடைத்துக்கொண்டே கேட்டாள். அவள் கை நின்றுபோனது.

"அண்ணி, அன்னைக்கு நான் உங்களைக் கூப்பிடவே இல்ல" என்றாள்.

"தெரியும். நாமதான் பேசிக்கலையே."

"நீங்க வீட்டுக்குப் போயிட்டீங்கன்னு நினைச்சேன். பூட்டினேன், மெயினை இறக்கினேன், நடந்து கேட் வரைக்கும் போயிட்டேன். அப்போ உள்ளேருந்து நீங்க சத்தம் போட்டுச் சொன்னீங்க. மூணு தடவை. அதைக் கேட்டுத்தான் திரும்பி வந்தேன்."

அந்தச் சாயங்காலம் அவள் கதவைத் திறப்பதற்கு முன்னால் நான் பேசியது ஒரே ஒரு வார்த்தை. அதுவும் கிசுகிசுப்பாக. பிறகு கத்தப் பார்த்தேன், குரல் வரவில்லை. கேட் அங்கிருந்து ஒரு தெரு நீளம் இருக்கும்.

"என்னன்னு சொன்னேன்?"

அவள் துணியைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு ஆள் இருக்குன்னு."